அக்டோபர் கடைசித் திங்கள்: அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் அயர்லாந்துக்கு வந்த முதல் அக்டோபர். மாதத்தின் கடைசித் திங்கள்கிழமை பேங்க் ஹாலிடே என்று ஆபீஸில் சொன்னார்கள். ஹாலோவீனும் அந்த வாரம்தான் என்றார்கள். இரண்டும் ஒரே நாள் என்று நானாக முடிவு கட்டி, திங்கள் மாலை கிண்ணம் நிறையச் சாக்லேட்டோடு வாசலில் காத்திருந்தேன். ஒரு குழந்தையும் வரவில்லை. சாக்லேட்டை நாங்களே தின்று தீர்த்தோம். வெள்ளிக்கிழமை 31ஆம் தேதி, மாலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு சூனியக்காரி, இரண்டு எலும்புக்கூடுகள், ஒரு டைனோசர். வீட்டில் கொடுக்க ஒன்றுமில்லை. அடுப்படியில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். அந்த டைனோசர் பிஸ்கட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நீங்களும் அப்படி முழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

பொது விடுமுறை என்பது அக்டோபரின் கடைசித் திங்கள். ஆக, அது 25ஆம் தேதிக்கும் 31ஆம் தேதிக்கும் நடுவில் எங்கேயும் விழலாம். ஹாலோவீன் எப்போதும் 31ஆம் தேதி மாலைதான். பள்ளிகளுக்கு அந்தத் திங்களில் தொடங்கி ஒரு வாரம் மிட்டேர்ம் லீவு விடுவார்கள்.

இந்த விடுமுறை ஒன்றும் பழங்காலத்தது இல்லை. 1977இல்தான் வந்தது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் மிகப் பழையது. அயர்லாந்தின் பழைய ஆண்டுக்கணக்கில் பருவங்களைத் திறக்கும் நாட்கள் நான்கு: பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மே தொடக்கத்தில் பெல்டனே, ஆகஸ்ட் தொடக்கத்தில் லூனசா, நவம்பர் தொடக்கத்தில் சவின். நான்காவதுதான் அறுவடை முடிந்து, மாடுகளை மேய்ச்சலிலிருந்து இறக்கி, இருட்டுக் காலத்துக்குள் நுழையும் வாசல். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே சவின் என்றுதான் பெயர். பிப்ரவரியில் புனித பிரிஜித் பெயரில் 2023இல் புது விடுமுறை வந்தபிறகு, இந்த நான்கு நாட்களை ஒட்டியும் இன்று ஒவ்வொரு பொது விடுமுறை இருக்கிறது. யாராவது ஐரிஷ் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதே வார இறுதியில் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, ஒரு மணி ஆகிவிடும். 31ஆம் தேதியே ஞாயிறாக அமையும் ஆண்டுகளில் மட்டும் லீவு 25ஆம் தேதியே வந்துவிடும், கடிகாரம் அடுத்த வார இறுதியில்தான் மாறும். 2021இல் அப்படி நடந்தது, 2027இல் மறுபடி நடக்கும். போன் தானாக மாறிக்கொள்ளும். அடுப்பிலும் காரிலும் இருக்கும் கடிகாரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஊருக்குப் போன் பேசுகிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: இந்தியாவோடும் இலங்கையோடும் இருந்த நாலரை மணி நேர வித்தியாசம் அன்றிலிருந்து ஐந்தரை மணி. இங்கே இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அம்மாவுக்கு அங்கே நள்ளிரவு ஒன்றரை.

லீவு உங்களுக்கும் உண்டு

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் உணவகத்திலும் ஷிப்டில் இருப்பவர்கள் பலர், "எனக்கு ஏது பேங்க் ஹாலிடே" என்று பேசாமல் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். 1997ஆம் ஆண்டின் வேலை நேரச் சட்டப்படி, முழுநேர ஊழியருக்கு முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. பகுதிநேரம் என்றால், விடுமுறைக்கு முந்தைய ஐந்து வாரங்களில் மொத்தம் 40 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் நான்கில் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்: அன்றே சம்பளத்தோடு லீவு, ஒரு மாதத்துக்குள் வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு, ஆண்டு லீவில் ஒரு நாள் கூடுதல், அல்லது ஒரு நாள் கூடுதல் சம்பளம். நான்கில் எது என்பதை முதலாளிதான் முடிவு செய்வார். ஆனால் எது என்று குறைந்தது 21 நாட்களுக்கு முன்பு நீங்கள் கேட்டால், 14 நாட்களுக்கு முன்பாவது அவர் பதில் சொல்லியாக வேண்டும். அக்டோபர் பிறந்ததுமே ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள்.

அன்று உங்களுக்கு வழக்கமாகவே வேலை இல்லாத நாள் என்றாலும் உரிமை போய்விடாது. வாரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும். கடிகாரம் பின்னால் போகும் சனி இரவு ஷிப்ட் பார்க்கிற நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை: பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் அன்றைக்குப் பதின்மூன்று மணி. அந்த ஒரு மணி நேரம் ரோஸ்டரில் எப்படிப் பதிவாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்களன்று வங்கி, தபால் நிலையம், குடும்ப டாக்டர் எல்லாம் மூடியிருக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருக்கும், நேரம் குறைவாக இருக்கலாம். பஸ்கள் பெரும்பாலும் ஞாயிறு அட்டவணைப்படி ஓடும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை தீரப்போகிறது என்றால் வெள்ளிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

வெளியூர் போவதா, வீட்டிலிருப்பதா

என் யோசனை, முதல் வருடம் தூரப் பயணம் வேண்டாம். மூன்று நாள் லீவு என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். ஹோட்டல் விலை எகிறிவிடும். ரயில் பாதைப் பராமரிப்பை இந்த மாதிரி நீண்ட வார இறுதிகளில்தான் அதிகம் வைத்துக்கொள்வார்கள், பாதி வழி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் குழந்தைகளோடு கஷ்டம். போகத்தான் வேண்டும் என்றால் செப்டம்பரிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கார்க் நகரத்தின் ஜாஸ் விழா மட்டும் விதிவிலக்கு. அது பிறந்த கதையே இந்த விடுமுறையின் கதைதான். புதிதாக வந்த லீவில் ஹோட்டல் அறைகளை எப்படி நிரப்புவது என்று அந்த ஊர் மெட்ரோபோல் ஹோட்டலின் விற்பனைப் பொறுப்பில் இருந்த ஜிம் மவுண்ட்ஜாய் யோசித்ததில், 1978இல் தொடங்கியது. இப்போது விழா நாட்களில் ஊரில் அறை கிடைப்பதே பெரும்பாடு. பெரிய கச்சேரிகளுக்கு டிக்கெட் வேண்டும். பப்களிலும் தெருவிலும் வாசிப்பதில் நிறைய இலவசம். டப்ளினிலிருந்து காலை ரயிலில் போய் இரவு திரும்பினால் போதும், அறையே வேண்டாம்.

டப்ளினில் இருந்தால் அந்த ஞாயிறு மாரத்தான். 1980இலிருந்து நடக்கிறது. 2015 வரை திங்களில் ஓடினார்கள், அடுத்த ஆண்டு ஞாயிறுக்கு மாறியது. ஓட வேண்டாம், உங்கள் பகுதி வழியாகப் போகிறதா என்று பார்த்து, போனால் ஓரமாக நின்று கைதட்டுங்கள். கார் எடுப்பதாக இருந்தால் மூடப்படும் சாலைகளின் பட்டியலை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் கிளம்பியவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன். அதே வார இறுதியில் டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் பெயரிலும் ஒரு விழா நகரத்தில் நடக்கும். அவர் 1847இல் டப்ளினின் குளோன்டார்ஃபில் பிறந்தவர். டிராகுலாவின் ஊரான டிரான்சில்வேனியாக்காரர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு, நானும் நினைத்திருந்தேன்.

செலவில்லாமல் வேண்டுமா, ஃபீனிக்ஸ் பார்க். 700 ஹெக்டேருக்கு மேல், இலையெல்லாம் செம்பொன்னாக இருக்கும். மான்களுக்கு அது இணை சேரும் காலம், ஆண் மான்கள் உறுமிக்கொண்டு கொம்பு முட்டும். 50 மீட்டருக்குள் போகாதீர்கள், கேரட் நீட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். கிளாஸ்னெவின் தாவரவியல் பூங்காவிலும் கட்டணம் இல்லை.

சவின் பழங்கதைகளின் பக்கம் ஆர்வம் இருந்தால் மீத் மாவட்டம் போங்கள். ஆத்பாய் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் டிலாக்டா மேட்டில்தான் சவின் இரவின் பெருநெருப்பு மூட்டப்பட்டது என்பது மரபு. 2019இலிருந்து ஆத்பாயிலும் டிரிம்மிலும் பூக்கா என்ற விழா நடத்துகிறார்கள். டாரா மலையில் பிணைக்கைதிகள் மேடு என்றொரு கல்லறைமேடு உண்டு. ஐயாயிரம் ஆண்டுப் பழையது. நவம்பர் தொடக்கத்துச் சூரியன் உதிக்கும்போது அதன் உள்வழிக்குள் வெளிச்சம் நேராக விழும். மலைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ரொஸ்காமன் மாவட்டத்து ரக்ரோகனில் 'பூனைகளின் குகை' இருக்கிறது, சவின் இரவில் மறு உலகத்தின் கதவு திறக்கும் இடம் என்பார்கள். துல்ஸ்க் ஊரிலுள்ள பார்வையாளர் மையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போங்கள். சேற்றில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், நல்ல பேன்ட் வேண்டாம்.

இன்னொன்று, மிக முக்கியமானது. இந்தத் தீவிலேயே பெரிய ஹாலோவீன் கொண்டாட்டம் டெர்ரி நகரத்தில். படங்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் டெர்ரி வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சியில் இருக்கிறது. எல்லையில் செக்போஸ்ட் கிடையாது, போர்டு மாறுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அதற்காக இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு போகலாம் என்று அர்த்தமில்லை. இங்கே தரும் குடியிருப்பு அட்டை அங்கே செல்லாது, பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லை தாண்டும் பஸ்களில் ஏறிச் சோதிப்பதும் உண்டு. பக்கத்தில்தானே, போய்வந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஞாயிறு இரவு ஊறவை, திங்கள் சமை

சரி, வீட்டிலேயே இருக்கிறீர்கள். நீங்கள் சைவமாக இருந்தால் இந்தப் பண்டிகை உங்களுக்கே செய்தது போலிருக்கும். கத்தோலிக்க மரபில் ஹாலோவீன் அன்று இறைச்சி விலக்காக இருந்தது. அதனால்தான் அன்றைய பழைய சாப்பாடெல்லாம் உருளைக்கிழங்கு, கீரை, ஆப்பிள், வெண்ணெய்.

முதலில் பிராக். முழுப்பெயர் பார்ம்பிராக், ஐரிஷில் 'புள்ளி போட்ட ரொட்டி' என்று பொருள். உலர்ந்த திராட்சைதான் அந்தப் புள்ளிகள். அசல் பார்ம்பிராக் ஈஸ்ட் போட்டுப் பொங்க வைப்பது. வீட்டில் செய்ய எளிதானது டீ பிராக். 350 கிராம் கருப்பு, மஞ்சள் உலர்திராட்சையை 300 மில்லி பால் விடாத ஸ்ட்ராங் டீயில் ராத்திரியே ஊறப் போடுங்கள். காலையில் திராட்சை டீயையெல்லாம் குடித்துக் குண்டாகியிருக்கும். அதோடு 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் மிக்ஸ்டு ஸ்பைஸ், 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு சேர்த்துக் கிளறுங்கள். வெண்ணெயே வேண்டாம். நீள ரொட்டி டின்னில் ஊற்றி 170 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு குச்சி குத்திப் பார்த்து வேண்டுமானால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு நாள் வைத்திருந்து, துண்டு போட்டு, மேலே வெண்ணெய் தடவித் தின்ன வேண்டும்.

பிராக்குக்குள்தான் ஜோசியம் இருக்கிறது. முன்பெல்லாம் மாவில் சில பொருட்களை மறைத்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு வருடத்துக்குள் கல்யாணம், காசு கிடைத்தவருக்குப் பணம், கந்தல் துணி கிடைத்தால் வறுமை, பட்டாணி கிடைத்தால் இந்த வருடம் கல்யாணமில்லை, குச்சி கிடைத்தால் கல்யாண வாழ்வில் அடிதடி. கடையில் விற்கும் பிராக்கில் இன்று மோதிரம் மட்டும்தான். வீட்டில் செய்தால் மோதிரத்தைப் பேக்கிங் தாளில் சுற்றி வையுங்கள், உள்ளே இருக்கிறது என்று கடிப்பதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்தால் மோதிரமே வேண்டாம்.

அடுத்து கோல்கேனன். ஒரு கிலோ ரூஸ்டர் உருளைக்கிழங்கு வாங்குங்கள், சிவப்புத் தோல், வேகவைத்தால் மாவு மாவாக உதிரும். கேல் கீரை கால் கிலோ, நடுத்தண்டை நீக்கி உப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்து நறுக்குங்கள். வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலான பாலில் கொதிக்க விடுங்கள். கிழங்கை மசித்து, பாலை ஊற்றி, கீரையைக் கலந்து, உப்பு, மிளகு. தட்டில் குவித்து நடுவில் பள்ளம் பண்ணி வெண்ணெயைப் போட வேண்டும், சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுவது போலவேதான். ஓரத்திலிருந்து எடுத்து உருகிய வெண்ணெயில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பச்சை மிளகாய் கீறிப் போடலாமா என்றால், போடலாம், அப்போது அதற்குக் கோல்கேனன் என்று பெயர் சொல்லாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகளுக்கு ஆப்பிள் விளையாட்டு. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஆப்பிளைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்க வேண்டும். நம் ஊர்ப் பன் கடிக்கும் போட்டியேதான். இதனாலேயே இந்த இரவுக்கு ஸ்னாப் ஆப்பிள் நைட் என்றும் பெயர் இருந்தது. தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் எடுப்பது இன்னொன்று. அதில் தலையெல்லாம் நனையும், ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

31 மாலை, வாசல்

இந்த நாட்களில் நீங்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஆண்டு முழுக்க 'ஹாய்' மட்டும் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைகளோடு உங்கள் கதவைத் தட்டும் ஒரே இரவு அது.

ஒரு வாரத்துக்கு முன்பே, வருடங்களாக அந்தத் தெருவில் இருப்பவரிடம் எத்தனை குழந்தைகள் வரும் என்று கேளுங்கள். சில தெருவில் பத்து, சில குடியிருப்பில் நூறு. சின்னப் பாக்கெட் போட்ட மிட்டாய் வாங்குங்கள். வீட்டில் செய்த முறுக்கு, லட்டு வேண்டாம். ருசி காரணமில்லை, பாக்கெட் போடாததைப் பெற்றோர் சாப்பிட விடமாட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் அந்த வாரம் மங்கி நட்ஸ் என்று வலைப்பையில் குவித்திருப்பார்கள். பார்த்தால் வேறொன்றுமில்லை, தோலோடு நம் வறுத்த வேர்க்கடலை! ஆப்பிளும் கடலையும்தான் இங்கே பழைய ஹாலோவீன் தானம். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் உண்டு என்பதால் கடலையைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வாசலில் பூசணி விளக்கோ அலங்காரமோ இருந்தால் "வாருங்கள்" என்று அர்த்தம். வேண்டாம் என்றால் முன் விளக்கை அணைத்துவிட்டால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நேரத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், சின்னக் குழந்தைகள் அப்போதே வரத் தொடங்குவார்கள். "டிரிக் ஆர் ட்ரீட்" என்பார்கள், டப்ளினில் "ஹெல்ப் தி ஹாலோவீன் பார்ட்டி" என்ற பழைய கூவலும் கேட்கும். வேஷத்தைப் பார்த்துப் பயந்த மாதிரி நடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். எட்டு, எட்டரைக்குப் பிறகு பெரிய பையன்கள் வந்தால் அவர்களுக்கும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுங்கள். உங்கள் குழந்தைகளை அனுப்பும்போது பெரியவர் ஒருவர் கூடப் போங்கள், வேஷத்துக்கு மேலேயே கோட் போட வேண்டியிருக்கும், கருப்புத் துணியில் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டுங்கள். மலிவு நைலான் உடைகள் சட்டென்று தீப்பிடிக்கும், பூசணிக்குள் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள்.

பூசணி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது. இங்கே பழைய வழக்கம் டர்னிப்பைக் குடைந்து முகம் செதுக்குவது. மேயோ மாவட்டம் காசில்பாருக்கு அருகிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவில், டொனகால் மாவட்டத்து ஃபின்டவுனில் கிடைத்த டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பை வைத்திருக்கிறார்கள். பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த முகத்துக்கு முன்னால் பூசணியெல்லாம் பச்சைப்பிள்ளை. குடைந்து பார்க்கப் போகிறீர்களா, கெட்டியான கரண்டி வேண்டும், கை வலிக்கும்.

அன்று இரவு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று அடுப்பில் கனலை அணைக்காமல், அவர்களுக்கென்று ஒரு இருக்கை போட்டு, கதவைத் தாழிடாமல் விட்ட வீடுகள் இங்கே இருந்தன. படையல் போட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தீபாவளிப் பட்டாசு பற்றி

தீபாவளியும் இதே பருவத்தில்தான் வரும். 2024இல் இரண்டும் ஒரே நாள். தெருவில் வெடிச்சத்தம் கேட்கிறதே, நாமும் கொளுத்தலாம் என்று தோன்றும். அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் வெடியும் வாணமும் கையில் வைத்திருப்பதே குற்றம். விற்க வைத்திருந்தாலோ கொளுத்தினாலோ 10,000 யூரோ வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வட அயர்லாந்திலிருந்து ரகசியமாகக் கொண்டுவந்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். நம் குடியிருப்பு அனுமதியே ஆட்டம் காணும். கம்பி மத்தாப்பு, பார்ட்டி பாப்பர் போன்ற சிறியவற்றுக்குத் தடை இல்லை. கையுறை போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கொளுத்துங்கள்.

காலி மனைகளில் பையன்கள் பழைய மரத்தையும் டயரையும் குவித்துத் தீ மூட்டுவார்கள். அதுவும் சட்டவிரோதம். வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். தீ வீடுகளை நோக்கி வந்தால் 112 அல்லது 999. தீயணைப்பு வண்டிக்கு ஆண்டிலேயே மூச்சுவிட நேரமில்லாத இரவு அது. நாய், பூனை இருந்தால் சாயங்காலமே உள்ளே விட்டு டிவியைச் சத்தமாகப் போடுங்கள்.

நண்பர்களோடு பப்புக்குப் போவதானால் ஒரு கணக்கு: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 18 வயதுக்குட்பட்டவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் பாரில் இருக்கக் கூடாது. பிள்ளைகளோடு போனால் ஏழு மணி இசைக்குப் போய்விட்டு வாருங்கள். வாத்தியக்காரர்கள் உட்காரும் மூலையில் காலி நாற்காலி இருந்தாலும் அதில் உட்காராதீர்கள், அது வரப்போகிறவருக்கு.

மறுநாள் பூசணி. செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய பூசணி தண்ணீர்ச் சதையாக இருக்கும், குழம்புக்குச் சுமார்தான், கூட்டுக்குப் பரவாயில்லை. செதுக்கும்போதே சதையைச் சுரண்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ராத்திரி வாசலில் இருந்ததைச் சமைக்காதீர்கள். மீதி ஓட்டை உணவுக் கழிவுக்கான பழுப்புக் குப்பைத் தொட்டியில் போடலாம், பேட்டரி விளக்கை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம், நவம்பரில் வேலியோரம் கருப்பு பெர்ரி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் பறிக்காதீர்கள். சவின் இரவில் பூக்கா என்ற பிசாசு அதன் மேல் துப்பிவிட்டுப் போயிருக்குமாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இதை முழு நம்பிக்கையோடுதான் சொன்னார்.